பாதி வண்டியின் ஞாபகம்

கிள்ளானில் பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் கிடங்கு ஒன்றின் பின்முற்றம். ஜப்பானிலிருந்து கன்டெய்னரில் வந்திறங்கிய வண்டிகளின் முன்பாதிகள் வரிசையாகக் கிடந்தன. முகவிளக்கு, ரேடியேட்டர், இன்ஜின், கியர்பாக்ஸ், ஸ்டியரிங், டேஷ்போர்டு எல்லாம் இருந்தன. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. மலேசியாவில் இதற்கு ‘ஹாஃப் கட்’ என்று பெயர். அண்ணனும் நானும் இன்ஜின்களைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். எங்களோடு வந்த வயர்மேன் இன்ஜின் பக்கம் திரும்பவே இல்லை. ஒவ்வொரு வண்டியிலும் வெட்டுவாய்க்குப் போய்க் குந்தி உட்கார்ந்தார். தரைவிரிப்புக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த வயர்க்கொத்தைக் கையில் எடுத்து விரித்துப் பார்த்தார். “அறுத்தவன் எங்க அறுத்திருக்கான்னு பாத்துட்டுத்தான் தம்பி விலை பேசணும்” என்றார்.

அந்தக் கொத்தில் இருந்தவை பெட்ரோல் டேங்கின் பம்புக்கும், டேங்கில் அளவு பார்க்கும் மிதவைக்கும், பின்விளக்குகளுக்கும் போயிருக்க வேண்டிய வயர்கள். அவை தேடிப்போன பின்பாதி ஜப்பானில் ஏதோ ஓர் இரும்புக் கடையில் எப்போதோ உருகிப்போயிருக்கும். வெட்டுப்பட்ட செம்பு நுனிகள் காற்றுப்பட்டுக் கறுத்திருந்தன. அன்றிலிருந்து எந்த ஹாஃப் கட்டைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

இந்த வியாபாரம் ஏன் வந்தது என்பதை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஜப்பானில் புது வண்டிக்கு மூன்றாம் ஆண்டிலும், பிறகு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும் கட்டாயப் பரிசோதனை உண்டு. செலவு அதிகம் என்பதால் நல்ல இன்ஜின் உள்ள வண்டிகளையும் அங்கே கழித்துவிடுகிறார்கள். மலேசியாவில் முழு வண்டியை இறக்குமதி செய்யத் தனி அனுமதி வேண்டும். பாதி வண்டி உதிரிப்பாகமாக உள்ளே வந்துவிடும். இரண்டு நாட்டிலும் ஸ்டியரிங் வலப்பக்கம். இதோடு புரோட்டோன் நிறுவனத்தின் கதையும் சேர்ந்துகொண்டது. 1985-இல் வந்த சாகா, 1993-இல் வந்த வீரா இரண்டுமே மிட்சுபிஷி வண்டிகளின் உடம்பைக் கொண்டவை. வீரா என்பது 1991-இல் ஜப்பானில் வந்த லான்சரின் உடன்பிறப்பு. நம் ஊர் 1.5 லிட்டர் வீராவின் சக்தி நூறு குதிரையைத் தொடவில்லை. அதே உடம்பில் ஜப்பான்காரர்கள் ஓட்டிய லான்சர் ஜிஎஸ்ஆரின் 1.8 லிட்டர் டர்போ இன்ஜினுக்கு 195. இருபத்தைந்து வயது இளைஞர்களுக்கு வேறு காரணம் எதுவும் தேவைப்படவில்லை.

இரும்போடு இரும்பு சேர்வதில் பெரிய சிக்கல் இல்லை. ஒரே குடும்பத்து வண்டிகள் என்பதால் இன்ஜினை இறக்கி ஏற்றும் வேலையைக் கைதேர்ந்த ஃபோர்மேன் ஓரிரு நாளில் முடித்துவிடுவார். (மெக்கானிக்கை இங்கே ஃபோர்மேன் என்றுதான் சொல்வோம்.) இன்ஜின் உட்கார்ந்த படத்தை எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு வேலை முடிந்ததாக நினைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அந்த வண்டி பட்டறையின் மூலையில் மாதக்கணக்கில் நிற்கும். ஃபோர்மேன் வேலை முடிந்து வயர்மேன் வேலை தொடங்கும் இடம் அது. இந்த இரண்டாவது மனிதரைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. இன்ஜின் கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் போடுகிறது. வயரிங் டேப்புக்குள் மறைந்து டேஷ்போர்டுக்கு அடியில் போய்விடுகிறது.

கார்புரேட்டர் காலத்து வண்டிக்குத் தன் இன்ஜினைப் பற்றி அதிகம் தெரியாது. ஸ்டார்ட்டருக்கு ஒரு வயர், காயிலுக்கு ஒன்று, ஆல்டர்னேட்டருக்கு ஒன்றிரண்டு, சூட்டு முள்ளுக்கு ஒன்று, ஆயில் விளக்குக்கு ஒன்று. மற்றதையெல்லாம் காற்றும் பெட்ரோலும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொண்டன. அந்தப் பேச்சை மின்சாரம் பெரிய அளவில் எடுத்துக்கொள்ளத் தொடங்கியது 1967-இல், பாஷ் நிறுவனத்தின் டி-ஜெட்ரானிக் அமைப்பு ஃபோக்ஸ்வாகன் 1600 வண்டியில் வந்தபோது. 1979-இல் அதே நிறுவனம் பிஎம்டபிள்யூ 732ஐ வண்டிக்குச் செய்த மோட்ரானிக், பெட்ரோல் அளவையும் தீப்பொறி நேரத்தையும் ஒரே பெட்டிக்குள் கொண்டுவந்தது. பட்டறையில் நாம் இசியூ என்று சொல்லும் பெட்டி அந்த வழியில் வந்ததுதான்.

இசியூவை இன்ஜினின் மூளை என்று சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அந்த உவமையில் நம்பிக்கை இல்லை. மூளை புதியதைக் கற்றுக்கொள்ளும். இந்தப் பெட்டியில் இருப்பது பெரும்பாலும் ஞாபகம். இந்த வேகத்தில், இவ்வளவு காற்று உள்ளே போகும்போது, தண்ணீரின் சூடு இவ்வளவு இருந்தால், பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை நொடியின் ஆயிரத்தில் இத்தனை பங்கு நேரம் திற என்று அட்டவணை அட்டவணையாக எழுதிவைத்த ஞாபகம். பனியில், வெயிலில், மலைமேல் என்று பல மாதங்கள் ஓட்டிப் பார்த்துப் பொறியாளர்கள் நிரப்பிய எண்கள் அவை. அந்த எண்களில் இன்ஜின் மட்டும் இல்லை. அந்த வண்டியே இருக்கிறது. அதன் காற்றுக்குழாய், அதன் டேங்க் பம்பு, அதன் கியர், அதன் ஏசி, அதன் சாவி. முன்பாதியை மட்டும் வாங்கிவந்து வேறு உடம்பில் பொருத்தும்போது, பெட்டி தன் பழைய உடம்பைத் தேடிக்கொண்டே இருக்கும். வயர்மேனின் வேலை அந்தத் தேடலுக்குப் பதில் சொல்வது.

பதில் சொல்வதில் இரண்டு வழி உண்டு. ஒன்று மொழிபெயர்ப்பு, மற்றொன்று பொய். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இரண்டிலும் நாலு வயரும் ஒரு ரெசிஸ்டரும்தான். எது எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்க்க எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. தொடக்கம் அண்ணனின் வீராதான்.

அன்று கிள்ளானில் விலை ஒத்துவரவில்லை. முழு முன்பாதி வாங்கப் பணம் போதாமல், வேறோர் இடத்தில் வெறும் இன்ஜினை வாங்கினோம். வயர்மேன் வேண்டாம் என்றார், நாங்கள் கேட்கவில்லை. “கம்ப்யூட்டர் தனியா இருக்கு, இதுவும் 1.8 தான்” என்று சொல்லி விற்றவர் ஒரு பெட்டியைக் கையில் கொடுத்தார். சாக்கெட்டின் வடிவம் ஒத்துப்போனது. அதைவிடப் பெரிய சான்று வேண்டும் என்று அப்போது தோன்றவில்லை. வேறொருவரை வைத்து வயர் இழுத்தோம். இன்ஜின் ஓடியது. இரண்டு வாரம் ஊரெல்லாம் சுற்றினோம். ஒரு நாள் சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கத் தொடங்கி, பிறகு இரண்டு சிலிண்டர் வேலை செய்யவில்லை.

பழைய வயர்மேனிடமே திரும்பப் போனோம். அவர் ஒரு சொல் குத்திப் பேசவில்லை. மீட்டரை எடுத்து இன்ஜெக்டரின் இரண்டு முனைகளில் வைத்தார். (பட்டறையில் இன்ஜெக்டரை நோசல் என்பார்கள்.) இரண்டரை ஓம் காட்டியது. இசியூவைத் திறந்தார், கருகிய வாடை. எங்களிடம் இருந்த பெட்டி டர்போ இல்லாத 1.8 இன்ஜினுக்கானது. அந்த இன்ஜினின் இன்ஜெக்டருக்குப் பதின்மூன்று ஓமுக்கு மேல் தடை இருக்கும். 12 வோல்ட்டில் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகவே மின்சாரம் ஓடும். பெட்டிக்குள் இருக்கும் டிரான்சிஸ்டர் அந்த அளவுக்கு அமைந்தது. டர்போ இன்ஜெக்டர் பெரியது. வேகமாகத் திறக்க வேண்டும் என்பதால் அதன் தடையைக் குறைத்துச் செய்திருக்கிறார்கள். இரண்டரை ஓமில் ஐந்து ஆம்பியர் பாயும். அது பாயாமலிருக்க மிட்சுபிஷிக்காரர்கள் இடையில் ஒரு ரெசிஸ்டர் பெட்டியை வைத்திருந்தார்கள், ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் ஏறக்குறைய ஆறு ஓம். அந்தச் சின்ன அலுமினியப் பெட்டி இன்ஜினில் இருக்காது, வண்டியின் உடம்பில் திருகியிருக்கும். வெறும் இன்ஜினை வாங்கினால் அது வராது. அது இல்லை என்பதுகூட நமக்குத் தெரியாது. நாங்கள் வாங்காமல் விட்ட பாதியில் அது இருந்தது.

அவர் ஒரு ரெசிஸ்டர் பெட்டியைத் தேடிப் பிடித்துப் போட்டார், டர்போ இன்ஜினுக்கான சரியான இசியூவும் கிடைத்தது. அதையும் உடனே பொருத்தவில்லை. முதலில் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வந்த மிட்சுபிஷி இசியூக்களில் கெபாசிட்டர்கள் வயதானால் கசியும்; கசிந்த திரவம் மீன் நாற்றம் அடிக்கும், பலகையின் செம்புக் கோடுகளை அரித்துவிடும். எங்களுடையதில் ஒன்று கசியத் தொடங்கியிருந்தது. சில ரிங்கிட்டில் மூன்று கெபாசிட்டர்களை வாங்கிப் பற்றவைத்தார். வேலை செய்யும் பெட்டி என்று சொல்லி விற்கப்படுவது, இன்று வேலை செய்யும் பெட்டி, அவ்வளவுதான். வயதான எந்த இசியூவையும் திறந்து பார்க்காமல் வண்டியில் ஏற்றக்கூடாது என்பது அன்று எங்கள் வீட்டில் சட்டமானது.

அந்த ரெசிஸ்டர் பெட்டி மொழிபெயர்ப்பு. இன்ஜெக்டரும் இசியூவும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள இடையில் நிற்கும் உண்மையான பொருள் அது. இனிப் பொய்க்கு ஓர் எடுத்துக்காட்டு. தண்ணீர்ச் சூட்டைப் பார்க்கும் சென்சார், சூடு ஏற ஏறத் தடை குறையும் பொருள். பரவலாகப் பயன்படும் பாஷ் வகையில் 20 டிகிரியில் இரண்டரை ஆயிரம் ஓம், 80 டிகிரியில் ஏறக்குறைய முந்நூறு. இன்ஜின் மாற்றத்தில் அந்தச் சென்சார் உடைந்துபோகும், அல்லது அதன் சாக்கெட் கிடைக்காது. அப்போது சிலர் முந்நூறு ஓம் ரெசிஸ்டர் ஒன்றை அங்கே செருகிவிடுகிறார்கள். இன்ஜின் எப்போதும் பதமான சூட்டில் இருப்பதாக இசியூ நம்பிவிடும். குளிர்நாட்டில் இந்தப் பொய் முதல் காலையே அம்பலமாகும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. நம் ஊரில் விடியற்காலையிலும் இருபத்து மூன்று, இருபத்து நான்கு டிகிரி. கொஞ்சம் முனகிவிட்டு வண்டி கிளம்பிவிடுகிறது. வெப்பநாட்டு வானிலை இந்தப் பொய்யை ஆண்டுக்கணக்கில் காப்பாற்றிக் கொடுக்கிறது. ஒரு நாள் கெந்திங் மலையேற்றத்தில் ரேடியேட்டர் குழாய் வெடித்துத் தண்ணீர் கொதிக்கும்போதும் பெட்டிக்கு எண்பது டிகிரிதான். அது எதையும் குறைக்காது, எச்சரிக்கை விளக்கையும் போடாது. இன்ஜின் தலை வளைந்த பிறகு “ஜப்பான் இன்ஜின் சரியில்லை” என்பார்கள்.

எல்லாச் சின்ன தந்திரத்தையும் நான் பொய் என்று சொல்லவில்லை. டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு ஒன்று இருக்கிறதே, அதை வெறும் அறிவிப்பு என்றே நினைத்திருந்தேன். பழைய ஆல்டர்னேட்டர் பலவற்றில் முதல் மின்சாரம் அந்த பல்பு வழியாகத்தான் போகிறது. வேறு டேஷ்போர்டைப் பொருத்தி அந்த பல்பை விட்டுவிட்டால், ஆல்டர்னேட்டர் சுற்றும், சார்ஜ் செய்யாது. புதிய ஆல்டர்னேட்டர் வாங்கி மாற்றியும் தீராமல் அலைந்தவரை எனக்குத் தெரியும். பல்பு இல்லாத இடத்தில் அதே தடையுள்ள ரெசிஸ்டரை வைத்தால் ஆல்டர்னேட்டர் எழுந்துவிடும். அங்கே ஏமாற்று எதுவும் இல்லை. பல்பு செய்த வேலையை ரெசிஸ்டர் செய்கிறது. சூட்டைப் பார்க்க வேண்டிய இடத்தில் வைத்த ரெசிஸ்டர் எதையும் பார்ப்பதில்லை. நான் போடும் கோடு இதுதான்.

அமெரிக்காவில் இந்தக் கலை இன்னும் பெரிதாக வளர்ந்திருக்கிறது. அங்கே பழைய வண்டி எதுவானாலும் ஷெவர்லே வி8 இன்ஜினைத் தூக்கிப் போடுவார்கள். 1997 மாடல் கார்வெட்டில் தொடங்கிய எல்எஸ் வரிசை இதற்குப் பெயர்பெற்றது. அந்த இன்ஜினின் கிராங்க்கில் ஒரு பல்சக்கரம் இருக்கிறது. பக்கத்திலுள்ள சென்சார் கடந்துபோகும் பற்களை எண்ணி, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இசியூவுக்குச் சொல்கிறது. தொடக்க கால இன்ஜினில் 24 பல், பிறகு வந்ததில் 58. அறுபது பல்லுக்கு இடம் விட்டு, ஆறு டிகிரிக்கு ஒரு பல் என்று வெட்டி, இரண்டு பல்லை மட்டும் இல்லாமல் விட்டிருப்பார்கள். அந்த வெற்றிடம் கடக்கும்போதுதான் சுற்று எங்கே தொடங்குகிறது என்று பெட்டிக்குத் தெரியும். இரண்டு இன்ஜினும் வெளியே ஒரே அச்சில் வார்த்தவைபோல இருக்கும். பழைய இசியூவைப் புதிய இன்ஜினோடு சேர்த்தால் ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டே இருக்கும், தீப்பொறி வராது. ஒருவர் சொல்லும் எண்கள் மற்றவருக்கு எண்களாகவே கேட்பதில்லை.

இதற்கு ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள். 58 பல்லின் ஓசையைக் கேட்டு, அதே நொடியில் 24 பல்லின் ஓசையாக இசியூவுக்குத் திருப்பிச் சொல்லும். இன்ஜின் நிமிடத்துக்கு ஆறாயிரம் சுற்றில் ஓடும்போதும் பிசகக்கூடாது. மொழிபெயர்ப்பாளர்களைப் பற்றி எழுதும்போதெல்லாம் எனக்கு இந்தப் பெட்டி நினைவுக்கு வரும். காணாமல் போன இரண்டு பல்லையும் அது சரியாகச் சொல்லியாக வேண்டும்.

நிறங்களும் ஒரு மொழிதான். ஜெர்மன் வண்டியில் பழுப்பு வயர் என்றால் எர்த். பழைய ஆங்கிலேய வண்டியில் அதே பழுப்பு நேராக பேட்டரியிலிருந்து ஃபியூஸ்கூட இல்லாமல் வரும் உயிர் வயர், எர்த்துக்குக் கறுப்பு. தோட்டத்து மேலாளர் ஓட்டிய பழைய லேண்ட்ரோவரை வாங்கி அதில் பிஎம்டபிள்யூ இன்ஜின் வைக்கிறவர், பழுப்பைப் பழுப்போடு சேர்த்தால் அங்கேயே புகை கிளம்பும். ஜெர்மானியர்கள் நிறத்தோடு எண்ணையும் வைத்தார்கள். 30 என்றால் எப்போதும் பேட்டரி, 15 என்றால் சாவி திருப்பிய பின் வரும் மின்சாரம், 31 என்றால் எர்த், 50 என்றால் ஸ்டார்ட்டர். இன்றும் ரிலே பலவற்றைத் திருப்பிப் பார்த்தால் அடியில் 30 என்ற எண் அச்சிட்டிருக்கும். எந்த நாட்டுப் பட்டறையிலும் அதற்கு ஒரே பொருள். அந்த எண்முறையை வகுத்தவர்களுக்கு உலகத்து வயர்மேன்கள் எல்லாரும் கடன்பட்டவர்கள்.

ஹோண்டா பக்கம் போனால் வேறு கதை. 1989-இல் ஜப்பானில் இன்டெக்ராவில் வந்த பி16ஏ இன்ஜின் 1.6 லிட்டரில் 160 குதிரைசக்தி தந்தது. அதன் ரகசியம் வீடெக்: வேகம் ஏறிய பிறகு ஆயில் அழுத்தத்தால் வால்வுகள் வேறொரு கேமுக்கு மாறும். இந்த இன்ஜினைச் சாதாரண சிவிக்கில் ஏற்றி, வண்டியில் ஏற்கெனவே இருந்த வீடெக் இல்லாத இசியூவை அப்படியே விட்டால் என்ன ஆகும்? எதுவும் எரியாது, எந்த விளக்கும் வராது. வண்டி அமைதியாக ஓடும். இரண்டாவது கேமுக்கு மட்டும் ஒருபோதும் மாறாது. ஐயாயிரம் சுற்றுக்கு மேல் என்ன இருக்கிறது என்றே தெரியாமல் ஓட்டிக்கொண்டிருப்பார்கள். 1992 முதல் 1995 வரையிலான ஹோண்டா இசியூவில் மூன்று சாக்கெட்டுகளில் 26, 16, 22 என்று 64 துளைகள் உண்டு. அவற்றில் ஏ4 துளையிலிருந்து ஆயிலைத் திறந்துவிடும் வால்வுக்கு ஒரு வயர், அழுத்தம் வந்ததா என்று பார்த்துச் சொல்ல டி6 துளைக்கு ஒரு வயர், சரியான இசியூ. வேண்டியது இவ்வளவுதான். ஏ4-ஐ மட்டும் இழுத்துவிட்டு டி6-ஐ மறந்தால், பதில் சரியாக இல்லை என்பதை இசியூ கவனிக்கும், 22 என்று பிழை எண்ணைக் காட்டி வீடெக்கை நிறுத்திவிடும். சொன்னது நடந்ததா என்று திரும்பிக் கேட்கும் இந்தப் பண்பு எனக்குப் பிடித்திருக்கிறது. தன் வேலையைத் தானே சரிபார்க்கும் வயர்மேனும் இப்படித்தான் இருப்பார்.

தொண்ணூறுகளின் பிற்பாதியிலிருந்து வேலை கடினமாகிவிட்டது. ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதிய கார் ஒவ்வொன்றிலும் இம்மொபிலைசர் கட்டாயம். சாவிக்குள் இருக்கும் சின்ன சில்லு தன் எண்ணைச் சொல்லும். அது தனக்குத் தெரிந்த எண்ணா என்று பார்த்துவிட்டுத்தான் பெட்டி இன்ஜெக்டரைத் திறக்கும். சாவி இல்லாத ஹாஃப் கட்டில் இன்ஜின் ஒரு நொடி உயிர்பெற்று அணைந்துவிடும், அல்லது எழுந்திருக்கவே செய்யாது. நல்ல கிடங்குக்காரர் சாவியை இசியூவோடு சேர்த்து டேப் சுற்றிக் கொடுப்பார். சாவி தொலைந்துவிட்டால், பெட்டியைத் திறந்து எட்டுக் கால் உள்ள ஞாபகச் சில்லில் உள்ள எண்ணை மாற்றி எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதே கை வித்தையால் திருட்டு வண்டியையும் ஓட்டலாம். எனவே கிராண்ட்டை (வண்டியின் பதிவுப் பத்திரத்தை) கேட்டு, இன்ஜின் எண்ணை ஒத்துப் பார்க்காமல் இந்த வேலையைத் தொடுகிறவர் யாராக இருந்தாலும் அவரை நான் கலைஞர் என்று ஏற்கமாட்டேன். மாற்றிய இன்ஜினின் எண்ணைப் பதிவில் ஏற்றிப் பரிசோதனைக்கும் கொண்டுபோக வேண்டும். இரண்டு மடங்கு சக்திக்குப் பழைய பிரேக் போதாது. இதையெல்லாம் தொல்லை என்று நினைக்கிறவர்கள் இன்ஜினை மாற்றாமல் இருப்பதே நல்லது.

1986-இல் பாஷ் அறிமுகப்படுத்திய கேன் என்னும் முறை வண்டிகளில் பரவிய பிறகு, பெட்டிகள் தனித்தனி வயரில் பேசுவதை விட்டு, முறுக்கிய இரண்டு வயரில் எல்லாம் சேர்ந்து பேசத் தொடங்கின. இன்ஜின் பெட்டி பிரேக் பெட்டியின் குரலுக்குக் காத்திருக்கும், கியர் பெட்டியின் குரலுக்குக் காத்திருக்கும். குரல் வராவிட்டால் தன் சக்தியைக் குறைத்துக்கொண்டு நொண்டும். டெஸ்ட் லைட்டை வைத்துக் கேட்கக்கூடிய பேச்சு இல்லை அது. எங்கள் வயர்மேன் இந்த இடத்தில் நின்றுவிட்டார். “இதுக்கு வேற ஆள் வேணும்” என்று தம் மாணவனிடம் வேலையைக் கொடுத்தார். அவன் மடிக்கணினியோடு வருவான்.

பழைய பெட்டியையே தூக்கி எறிந்துவிட்டு, வெறுமையான பெட்டி ஒன்றை வாங்கி எல்லா எண்களையும் தாமே எழுதிக்கொள்ளும் வழியும் இருக்கிறது. 2001-இல் புரூஸ் பவுலிங், ஆல் கிரிப்போ என்ற இரண்டு அமெரிக்கர்கள் மெகாஸ்குவர்ட் என்ற பெயரில், வீட்டில் உட்கார்ந்து பற்றவைத்துக் கட்டக்கூடிய இசியூவை வெளியிட்டார்கள். பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சாதாரண மனிதர்களுக்குத் திறந்து காட்டியதில் அவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதை நான் மதிக்கிறேன். ஆனாலும் தினமும் வேலைக்கு ஓட்டும் வண்டிக்கு இன்ஜினோடு பிறந்த பெட்டியையே வைக்கச் சொல்வேன். ஏசி போட்டதும் இன்ஜின் துவளாமல் இருக்க, மழையில் நனைந்த காலையில் முதல் சுற்றிலேயே பிடிக்க, சென்சார் ஒன்று செத்தாலும் வீடு வந்து சேர அந்தப் பெட்டிக்குள் பல பேரின் உழைப்பு இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு நாம் அதை ஈடு செய்துவிட முடியாது. பந்தய வண்டிக்கு வேறு கணக்கு.

கை வேலையைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நல்ல வயர்மேன் வண்டியின் வயரிங்கையும் வெட்டமாட்டார், இன்ஜினின் வயரிங்கையும் வெட்டமாட்டார். இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஒரு சின்ன வயரிங் செய்வார். ஒரு முனையில் இந்த வண்டியின் சாக்கெட், மறு முனையில் அந்த இன்ஜினின் சாக்கெட். எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம், இரண்டு பக்கமும் காயமில்லாமல் இருக்கும். அதோடு எர்த். இசியூவின் எர்த்தை இன்ஜின் உடம்பிலேயே, பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு, கம்பெனிக்காரன் வைத்த இடத்திலேயே வைக்க வேண்டும். வண்டித் தகட்டில் வசதியான திருகு ஒன்றில் மாட்டிவிட்டால், ஈரக்காற்றில் ஆறு மாதத்தில் துரு ஏறும். பிறகு எல்லாச் சென்சாரும் கொஞ்சம் கொஞ்சம் தவறான எண்ணைச் சொல்லத் தொடங்கும். ‘மர்ம வியாதி’ என்று பட்டறை பட்டறையாகச் சுற்றும் வண்டிகளில் முதலில் அங்கேதான் பார்க்க வேண்டும்.

எங்கள் வயர்மேன் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். ஆங்கில வரைபடத்தை விரல் வைத்துப் படிப்பார்; தாம் செய்த வேலையைத் தமிழில் எழுதிவைப்பார். பள்ளிப்பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டுப்புத்தகம்தான். ஒரு வண்டிக்கு இரண்டு பக்கம். இடப்பக்கம் துளை எண், நடுவில் நிறம், வலப்பக்கம் எங்கே போகிறது என்ற குறிப்பு. நிறங்களுக்கும் தமிழிலேயே சுருக்கம்: கறுப்பில் வெள்ளைக் கோடு என்றால் ‘க/வெ’, சிவப்பில் மஞ்சள் என்றால் ‘சி/ம’. பச்சையும் பழுப்பும் ஒரே எழுத்தில் தொடங்குவதால் ஒரு வண்டியில் தாமே குழம்பிப்போய், பிறகு ‘பச்’, ‘பழு’ என்று எழுத ஆரம்பித்தார். ஒவ்வொரு வண்டிக்கும் அந்த இரண்டு பக்கத்தையும் நகல் எடுத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இசியூவுக்குப் பக்கத்தில் டேப் ஒட்டி வைப்பார். அதற்குத் தனியாகக் காசு வாங்கமாட்டார்.

வேறு பட்டறைகளிலிருந்து அரைகுறையாக வரும் வண்டிகளை அவர் அவிழ்க்கும்போது கூட இருந்திருக்கிறேன். டேஷ்போர்டுக்கு அடியில் ஒரே நிறத்தில் இருபது வயர்கள், எல்லாம் கறுப்பு டேப்புக்குள். முன்பு செய்தவர் ஊரைவிட்டுப் போயிருப்பார், அல்லது இறந்திருப்பார். ஒவ்வொரு வயராகப் பிடித்து, மீட்டரை வைத்து, எங்கிருந்து வருகிறது, எதற்காக வருகிறது என்று கண்டுபிடிக்க மூன்று நாள், நான்கு நாள் ஆகும். முதலில் செய்தவர் அரை மணி நேரம் உட்கார்ந்து எழுதியிருந்தால் போதும். வண்டிக்காரர் அந்த நான்கு நாளுக்கும் பணம் கொடுப்பார். வயர்மேன் தம் முதுகைக் கொடுப்பார்.

இன்ஜின் மாற்றும் வேலையில் இருக்கும் தம்பிகளிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. வண்டி ஓடிய அன்றே, கை கழுவுவதற்கு முன்னால், எந்தத் துளையில் எந்த நிறம், எங்கே ரெசிஸ்டர், எத்தனை ஓம், எர்த் எங்கே என்று எழுதி வண்டிக்குள் வைத்துவிடுங்கள். தமிழிலோ மலாயிலோ உங்களுக்குத் தெரிந்த எழுத்தில் எழுதுங்கள். அடுத்து அந்த வண்டியைத் திறக்கப்போகிறவர் உங்களைப் பார்த்திருக்கவே மாட்டார்.

வயர்மேன் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. சென்ற மாதம் அண்ணனின் வீரா சிக்னலில் அணைந்து அணைந்து நின்றது. அவருடைய பழைய மாணவன் வந்து இடப்பக்கக் கால்மிதிக்கு மேலிருந்த அட்டையைக் கழற்றி, உறையை எடுத்து, மஞ்சளேறிய தாளைப் பிரித்து வாசித்தான். ‘எர்த் 2, இன்ஜின் தலைக்குப் பின்னால், பச்’ என்று இருந்தது. திருகைக் கழற்றிச் சுரண்டி மறுபடி மாட்டினான். இருபது நிமிட வேலை.